நாலணா போன வழியில் ஒரு ரூபாயும் போனால்

"ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகளை அரசு நிறுத்திவிட்டால் விலைவாசி ஏறுமா? 2011-இல் நாலணாவை நிறுத்தியபோது ஒன்றும் ஆகவில்லையே?" என்ற கேள்விக்கான பதில் இது.

சின்னக் காசு நிற்பதால் மட்டும் நாட்டின் பொது விலைவாசி ஏறிவிடாது. பெரும்பாலும் விலைவாசி ஏறி ஏறி அந்தக் காசின் மதிப்பைத் தின்று தீர்த்த பிறகுதான் அரசு அதை நிறுத்துகிறது. ஆனால் காசு போனதும் விலைகள் ஏறுகிற படியின் உயரம் மாறும். ஒரு ரூபாய்ப் படியில் ஏறிக்கொண்டிருந்த விலை, ஐந்து ரூபாய்ப் படியில் ஏற வேண்டிவரும். மாதச் சாமானை மொத்தமாக வாங்குபவருக்கு இந்த உயரம் தெரியாது. ஒரு டீ, ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு தீப்பெட்டி என்று அன்றன்றைக்குக் கையில் இருக்கும் காசுக்கு வாங்குபவருக்குத்தான் தெரியும். அந்த ஆளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும்.

முதலில் 'நிறுத்துவது' என்ற சொல். இதற்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன, செய்திகளில் மூன்றையும் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது, புதிதாக அடிப்பதை மட்டும் நிறுத்துவது. அமெரிக்கா தன் ஒரு சென்ட் காசான பென்னியை 12 நவம்பர் 2025 அன்று பிலடெல்பியாவில் கடைசியாக அடித்தது. புழக்கத்தில் இருக்கும் பென்னிகள் இன்றும் செல்லும். இரண்டாவது, வங்கிகளுக்குக் கொடுப்பதை நிறுத்தி, வருவதை வாங்கி உருக்குவது. கனடா 4 பிப்ரவரி 2013 முதல் செய்தது இது. அங்கேயும் பென்னி சட்டப்படி செல்லும், ஆனால் கண்ணில் படாது. மூன்றாவது, செல்லாது என்றே அறிவிப்பது. இந்தியா 25 பைசாவையும் அதற்குக் கீழே இருந்த எல்லாக் காசுகளையும் 30 ஜூன் 2011 முதல் அப்படித்தான் எடுத்தது.

நான்காவதாக ஒன்று சட்டத்தில் இல்லாமல் கடைவீதியில் நடக்கிறது. சட்டம் செல்லும் என்கிறது, கடைக்காரர் செல்லாது என்கிறார். எட்டணாவின் கதி அதுதான். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 50 பைசா இன்றும் செல்லுபடியாகும், ஒரு கொடுக்கல் வாங்கலில் பத்து ரூபாய் வரை 50 பைசாவாகவே கொடுக்கலாம். அதாவது இருபது காசு. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் ஆயிரம் ரூபாய் வரை. தமிழ்நாட்டில் எந்தக் கடையிலாவது இருபது எட்டணாவை நீட்டிப் பாருங்கள், சட்டத்துக்கும் சந்தைக்கும் உள்ள தூரம் தெரியும்.

நாலணா போனபோது ஏன் சத்தமே இல்லை? அது சந்தையில் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன, 2011-இல் நடந்தது சடங்கு. அறிவிப்பு 2010 டிசம்பரில் வந்தது. 29 ஜூன் 2011 வரை ரிசர்வ் வங்கி அலுவலகங்களிலும், சில்லறைக் காசுக் கிடங்கு வைத்திருந்த வங்கிகளின் கிளைகளிலும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கணக்குப் போடுங்கள்: நூறு நாலணா சேர்த்து எடுத்துப் போனால் கையில் கிடைப்பது 25 ரூபாய். கிராமத்திலிருந்து அப்படிப்பட்ட கிளை இருக்கும் ஊருக்கு பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று திரும்பினால், அரை நாள் கூலி போய்விடும். அதனால் பெரும்பாலோர் போகவில்லை. காசு உண்டியலிலும் மேசை இழுப்பறையிலும் தங்கிப்போனது. தனித்தனியே பார்த்தால் ஆளுக்குப் பத்து, இருபது ரூபாய் நஷ்டம்தான். ஆனால் அரசு வெளியிட்ட காசு மதிப்பில்லாமல் போகும்போது, அந்த நஷ்டம் அரசின் கணக்கில் விழாமல் வைத்திருந்தவர் தலையில் விழுகிறது. கனடாவைப் போல, செல்லாது என்று சொல்லாமலேயே விட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

ஆகவே நாலணாவை ஒரு ரூபாய்க்கு உதாரணமாகக் காட்ட முடியாது. 2011-இல் நாலணாவுக்கு வாங்கக்கூடிய பொருள் ஒன்றும் இல்லை. இன்று ஒரு ரூபாய்க்கு மிட்டாய் இருக்கிறது, ஷாம்பு பாக்கெட் இருக்கிறது. இரண்டு ரூபாய்க்குத் தீப்பெட்டி இருக்கிறது.

தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். படியின் உயரம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரியாது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் பகுதிகளில் செய்து நாடெங்கும் போகும் இந்தப் பெட்டி 1995-இல் எட்டணா ஆனது. 2007-இல் ஒரு ரூபாய். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் விலை அசையவே இல்லை. மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ், அட்டை, பொட்டாசியம் குளோரேட் எல்லாம் ஏறிக்கொண்டே போயின. 1 டிசம்பர் 2021 முதல் இரண்டு ரூபாய்.

ஏன் இடையில் ஒன்றேகால், ஒன்றரை ரூபாய் ஆக்கவில்லை? கொடுக்கக் காசு இல்லை என்பதுதான் காரணம். நாலணா சட்டப்படியே போய்விட்டது, எட்டணாவைக் கடையில் வாங்குவதில்லை. ஒரு ரூபாயிலிருந்து அடுத்த படி இரண்டு ரூபாய், நடுவில் கால் வைக்க இடமில்லை. விலை ஒரே நாளில் இரட்டிப்பானால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்பதற்காகப் பெட்டிக்குள் 36 குச்சி இருந்ததை 50 ஆக்கினார்கள். கணக்கு இப்படி வரும்: முன்பு ஒரு குச்சி சுமார் 2.8 பைசா, பிறகு 4 பைசா. பெட்டியின் விலை 100 சதவீதம் ஏறினாலும் குச்சியின் விலை 44 சதவீதம்தான் ஏறியது. காசு செய்ய முடியாத வேலையைக் குச்சிகளின் எண்ணிக்கை செய்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் உற்பத்தியாளர்கள் சொன்ன கணக்குப்படி, 600 பெட்டி கொண்ட பண்டலை அவர்கள் 270 முதல் 300 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள், அதை வரியும் வண்டி வாடகையும் சேர்க்காமல் 430 முதல் 480 ஆக உயர்த்தினார்கள். கடையில் அதே 600 பெட்டியின் விலை 600 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. வாங்குபவர் பண்டலுக்கு 600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார், செய்தவர் கைக்கு வந்தது அதில் 160, 180 ரூபாய் அளவுதான். மீதி வரி, வாடகை, ஏஜென்சி, கடை என்று இடையில் பரவிவிட்டது. படி உயரமாக இருந்தால் இப்படித்தான் ஆகும். தேவைக்கு மேல் ஏறும் விலையின் மிச்சம் யாரிடம் தங்கும் என்பதைப் பேரம் பேசும் பலம் தீர்மானிக்கும்.

தீப்பெட்டிக்குச் சொன்னது பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் பொருந்தும், திசைதான் வேறு. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலையைத் தொடாமல் கிராமைக் குறைப்பார்கள். கடலூரில் பிறந்த சாஷே (சின்னப் பாக்கெட்) வியாபாரம் இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. சிக் ஷாம்பு எட்டணா பாக்கெட்டாக வந்தபோது அந்தக் காசு எல்லோர் கையிலும் இருந்தது, அதுவே விலையைத் தீர்மானித்தது. புழக்கத்தில் உள்ள மிகச் சிறிய காசுதான் ஏழையின் பொட்டலத்துக்கு அளவுகோல். அது ஐந்து ரூபாய் ஆனால் பொட்டலமும் ஐந்து ரூபாய்க்கு ஏற்பப் பெரிதாகும். கிராம் கணக்கில் பார்த்தால் மலிவாகக்கூட இருக்கலாம். ஆனால் இன்று கையில் இரண்டு ரூபாய்தான் இருக்கிறது என்பவருக்கு அந்த மலிவால் பயன் இல்லை.

அடுத்து ரவுண்டு கணக்கு. வெளிநாடுகளில் சின்னக் காசை எடுத்தபோது விலைவாசி ஏறாமல் காத்தது இந்த விதிதான். ஆஸ்திரேலியா 1992-இல் ஒன்று, இரண்டு சென்ட் காசுகளைத் திரும்பப் பெறத் தொடங்கியபோதும், மலேசியா 1 ஏப்ரல் 2008 முதல் ஒரு சென் காசைத் தவிர்த்தபோதும் விதி ஒன்றுதான். ஒவ்வொரு பொருளையும் ரவுண்டு செய்யக்கூடாது, பில்லின் மொத்தத்தை மட்டும் செய்ய வேண்டும். கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே பூஜ்யத்துக்கு, 3, 4 என்றால் மேலே ஐந்துக்கு, 6, 7 என்றால் கீழே ஐந்துக்கு, 8, 9 என்றால் மேலே பத்துக்கு. ரொக்கத்துக்கு மட்டும். அட்டையில் கொடுத்தால் பைசா சுத்தமாக உள்ள தொகை.

இதை ரூபாய்க்குப் பொருத்திப் பார்ப்போம். ஒன்றும் இரண்டும் போய், ஐந்து ரூபாய்தான் மிகச் சிறிய காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 49 ரூபாய்ப் பொருள் ஒன்று வாங்கினால் 50 கொடுக்க வேண்டும், ஒரு ரூபாய் நஷ்டம். இரண்டு வாங்கினால் 98, கொடுப்பது 100, இரண்டு ரூபாய் நஷ்டம். மூன்று வாங்கினால் 147, கொடுப்பது 145, இரண்டு ரூபாய் லாபம். நான்கு வாங்கினால் 196, கொடுப்பது 195, ஒரு ரூபாய் லாபம். ஐந்து வாங்கினால் சரியாக 245. ஐந்தையும் கூட்டினால் பூஜ்யம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒன்று, இரண்டாக வாங்குபவர் எப்போதும் நஷ்டத்தின் பக்கம்தான் நிற்கிறார். நான்கு, ஐந்தாக வாங்கக் கையில் பணம் இருப்பவரிடம்தான் கணக்கு சமமாகிறது. விலைகள் 9-இல் முடிவதால் கடைக்குச் சற்று லாபம் வரும் என்பது கனடாவில் மளிகைக் கடைகளை வைத்துச் செய்த ஆய்விலும் தெரிந்தது. அங்கே நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 32.7 லட்சம் டாலர் கடைகளின் பக்கம் சாய்வதாக மதிப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய நாட்டுக்கு அது தூசு. காரணம், அங்கே ரவுண்டு செய்தது ஐந்து சென்டுக்கு, பில் பல டாலருக்கு.

இங்கேதான் நம் நிலைமை பிரிகிறது. நம் ஊரில் கோடிக்கணக்கான கொடுக்கல் வாங்கலுக்கு பில்லே கிடையாது. பெட்டிக்கடையில் ஒரு பொருளின் விலைதான் பில்லின் மொத்தம். 12 ரூபாய் டீயை எடுங்கள். விதிப்படி 10 ரூபாய்க்கு இறக்க வேண்டும். ஒரு கிளாஸுக்கு இரண்டு ரூபாய் இழக்க எந்த டீக்கடைக்காரரால் முடியும்? பலகையை அழித்து 15 என்று எழுதுவார். அது 25 சதவீத ஏற்றம். ஆகவே மொத்தத்தை ரவுண்டு செய்யும் விதி சூப்பர் மார்க்கெட்டைக் கட்டுப்படுத்தும், பெட்டிக்கடையைக் கட்டுப்படுத்தாது. கனடாவில் ஒன்றும் ஆகவில்லை, இங்கேயும் ஆகாது என்று சொல்பவர்கள் இந்த ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

யுபிஐ இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போனில் 12 ரூபாயை 12 ஆகவே அனுப்பலாம், 49.50 கூட அனுப்பலாம். அதனால் டீக்கடைக்காரருக்கு 12 என்ற விலையைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது, உண்மை. ஆனால் பலகையில் ஒரு விலைதான் எழுத முடியும். எழுதுவது பெரும்பாலும் சில்லறைத் தகராறு வராத விலையாகத்தான் இருக்கும். போன் இல்லாத முதியவரும், ரொக்கத்தில் கூலி வாங்கும் ஆளும் அந்த விலையைத்தான் கொடுப்பார்கள்.

இந்தியாவில் ரவுண்டு செய்யும் விதிகள் இல்லாமல் இல்லை, துண்டு துண்டாக இருக்கின்றன. வங்கிகள் வட்டியையும் கட்டணத்தையும் அருகிலுள்ள ரூபாய்க்கு ரவுண்டு செய்ய வேண்டும், 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். அதே சமயம் வாடிக்கையாளர் பைசாவோடு எழுதிய காசோலையைத் திருப்பக்கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, கட்ட வேண்டிய வரிக்கு இதே முறையைச் சொல்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகளில் எம்ஆர்பி-க்கு இருந்த வரையறை இன்னும் நல்லது: 50 பைசாவுக்குக் குறைந்த பின்னம் கீழே முழு ரூபாய்க்கு இறங்க வேண்டும், 50-க்கு மேல் 95 பைசா வரை 50 பைசாவுக்கு இறங்க வேண்டும். அதாவது வாங்குபவர் பக்கம் சாய்ந்த விதி. சின்னக் காசை எடுப்பதாக இருந்தால் அந்த மனப்பான்மையில்தான் சட்டம் வர வேண்டும்.

காசை நிறுத்தச் சொல்லும் செலவுக் காரணத்தையும் பார்த்துவிடுவோம். 2018-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த கணக்குப்படி ஒரு ரூபாய் காசு அடிக்க 1.11 ரூபாய், இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்து ரூபாய்க்கு 3.69, பத்து ரூபாய்க்கு 5.54 ஆனது. ஒரு ரூபாய் காசுக்கு மதிப்பைவிடச் செலவு அதிகம், ஆகவே நிறுத்து என்பது வாதம். இது முழு வாதம் ஆகாது. ஒரு காசு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும், ஆயிரக்கணக்கான கை மாறும். கூடுதலாகப் போன 11 பைசாவை அத்தனை கைமாற்றத்தில் பிரித்தால் ஒன்றுமே இல்லை.

உண்மையான பிரச்சினை, காசு திரும்பி வராமல் போவது. ரிசர்வ் வங்கியிலிருந்து வங்கிக்கு, வங்கியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று ஒரு வழிப் பாதையாகப் போய் டப்பாவில் உட்கார்ந்துவிட்டால், அதே அளவு சில்லறையைப் புழக்கத்தில் வைக்க அரசு வருடா வருடம் புதிதாக அடிக்க வேண்டும். அமெரிக்காவில் பென்னி அந்த நிலைக்குப் போய்விட்டது. 2024-இல் ஒரு பென்னிக்கு 3.69 சென்ட் செலவு, வெளியே ஏற்கெனவே சுமார் 30,000 கோடி பென்னிகள், ஆனாலும் கடைகளுக்குத் தட்டுப்பாடு. ஒரு ரூபாய் இன்னும் அங்கே போகவில்லை. அது கை மாறிக்கொண்டிருக்கிறது, மொய்க் கவரில்கூட ஒட்டி வருகிறது.

உலோகத்தின் விலை காசின் மதிப்பைத் தாண்டினால் ஆபத்து வேறு. 2007 வாக்கில் நம் காசுகளை வங்கதேசப் பக்கம் கடத்தி பிளேடு செய்வதாகச் செய்திகள் வந்தன. காசை உருக்குவது ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனாலும் லாபம் இருந்தால் நடக்கும்.

எதை எடுக்கிறோம் என்பதைவிட, எடுத்த இடத்தில் எது நிற்கிறது என்பதே முக்கியம். 1994, 1995-இல் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகளை அச்சடிப்பதை நிறுத்தினார்கள். நோட்டு சீக்கிரம் கிழிகிறது, காசு நீடிக்கும் என்ற காரணம் சரியானதே. ஆனால் அத்தனை காசை அடிக்க உள்நாட்டு நாணயச் சாலைகளால் முடியவில்லை, வெளிநாட்டில் அடித்து இறக்க வேண்டிவந்தது. கடையில் மிச்சத்துக்கு மிட்டாய் கொடுக்கும் பழக்கம் இப்படிப்பட்ட தட்டுப்பாட்டில்தான் வேரூன்றும். மிட்டாய் வாங்கிய கடையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தால் காசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அது மிச்சம் தருவது ஆகாது, கட்டாய விற்பனை. ஒரு ரூபாய் நோட்டை 2015-இல் மறுபடி கொண்டுவந்தபோது அச்சுச் செலவு 1.14 ரூபாய் என்று கணக்கு வந்தது. செலவைக் குறைக்க நிறுத்தியதை, மதிப்பைவிடக் கூடுதல் செலவில் மறுபடி அச்சடித்தார்கள்.

பிறகு எதிர்த்திசை. 2018 ஜனவரியில் கிடங்குகள் நிறைந்து நான்கு நாணயச் சாலைகளிலும் காசு அடிப்பதை நிறுத்தி வைத்தார்கள். அதே மாதம் 17-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய் காசு 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று அறிவிக்க வேண்டிவந்தது. ரூபாய்க் குறி இல்லாதது போலி, காசின் மேலுள்ள கோடுகளின் எண்ணிக்கை மாறினால் போலி என்ற வதந்தி தமிழ்நாட்டில் அவ்வளவு ஆழமாகப் போயிருந்தது. ரூபாய்க் குறியே 2010-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய காசில் எப்படி இருக்கும்? ஆனாலும் ஒரு கடைக்காரர் மறுத்தால் அடுத்தவரும் மறுப்பார், தன்னிடம் தங்கிவிடும் என்ற பயம். ஒன்றையும் இரண்டையும் எடுத்துவிட்டு, பத்து ரூபாய் காசைத் தயங்கி வாங்கும் சந்தையிடம் ஐந்தையும் பத்தையும் நம்பி ஒப்படைத்தால் நோட்டுத் தட்டுப்பாடுதான் மிஞ்சும்.

பென்னியை நிறுத்தியபோது அமெரிக்கா பட்ட பாட்டையும் பாருங்கள். ரவுண்டு செய்யச் சட்டம் போடாமலேயே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மொத்தத்தைக் கீழே இறக்கும் கடைக்கு ஒவ்வொரு பில்லிலும் நஷ்டம். மேலே ஏற்றினால் வழக்கு வரலாம். அரசின் உணவு உதவி அட்டையில் வாங்குபவருக்கும் மற்றவருக்கும் ஒரே விலை இருக்க வேண்டும் என்ற விதியால், ரொக்கத்துக்கு மட்டும் விலையை இறக்குவதே சிக்கலானது. பென்னி போனால் ஐந்து சென்ட் காசு அதிகம் தேவைப்படும். அதை அடிக்க 2024-இல் 13.78 சென்ட் ஆனது.

கடை நடத்துபவர்கள் இப்போதே செய்யக்கூடியது: பில்லிங் மென்பொருளில் ரவுண்டு செய்வதை ஜிஎஸ்டி சேர்ந்த மொத்தத்துக்குக் கீழே தனிப் பதிவாக வையுங்கள். பொருள் வாரியாக வைத்தால் வரிக்குரிய மதிப்பும் மாறி, மாதக் கணக்கு பொருந்தாது. அந்தப் பதிவில் சேரும் தொகையைத் தனிக் கணக்கில் எழுதி, மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். தொடர்ந்து ஒரே பக்கம் ஏறினால் உங்கள் விலைகள் 8, 9-இல் முடிகின்றன என்று அர்த்தம். விலையை மாற்றுங்கள், வாடிக்கையாளர் கேட்கும் முன்பே. போனில் கொடுப்பவருக்கு அந்தப் பதிவு வராதபடி அமையுங்கள்.

சேர்ந்த காசை வங்கியில் கட்ட உச்சவரம்பு இல்லை. ஒன்று, இரண்டு ரூபாய் காசுகளை எடை போட்டு வாங்கலாம் என்றும், நூறு நூறாக பாலித்தீன் உறையில் போட்டுத் தந்தால் வசதி என்றும் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2011 வரிசை ஒரு ரூபாய் காசு 3.79 கிராம், நூறு காசு 379 கிராம். 2019-க்குப் பிந்தைய சிறிய காசு எடை குறைவு. இரண்டையும் ஒரே உறையில் கலந்தால் எடை பொருந்தாது, கவுண்டரில் எண்ணச் சொல்வார்கள். பிரித்துக் கட்டி எடுத்துப் போங்கள்.